நமக்குப் பிறகு யார்? – துணையோடு வாழும் வீடுகள் பற்றி ஒரு பாடம்



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று எத்தனையோ பாடங்களை நாம் படித்திருக்கிறோம். இந்த மாதப் பாடம் பணத்தைப் பற்றியது அல்ல. நம் உறுப்பினர்களில் சிலர் மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கும் ஒரு கேள்வியைப் பற்றியது.

வீட்டில் அறிவுசார் குறைபாடு உள்ள மகள் இருப்பாள். மனநோயால் பாதிக்கப்பட்ட தங்கை இருப்பாள். அவர்களை வைத்திருக்கும் தாய்க்கு ராத்திரியில் தூக்கம் வராது. "நான் கண்ணை மூடிட்டா இவளை யாரு பாத்துப்பாங்க?" இதுதான் அந்தக் கேள்வி.

இதற்கு ஊரில் இரண்டு பதில்தான் சொல்வார்கள். ஒன்று, "அண்ணன் தம்பி பாத்துப்பாங்க." இன்னொன்று, "ஏதாவது ஹோம்ல சேத்துடு." மூன்றாவதாக ஒரு பதிலும் உண்டு. அதைத்தான் இன்று படிக்கப் போகிறோம்.

ஏர்வாடி நமக்குச் சொல்வது என்ன?

2001 ஆகஸ்ட் 6 அன்று, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் இறந்து போனார்கள்.

அவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்கள் எல்லாம் கல் நெஞ்சக்காரர்களா? இல்லை. வேறு வழி தெரியாதவர்கள்தான் அதிகம். வேறு வழி என்று ஒன்று ஊரில் இருந்தால்தானே தெரியும்!

விடுதி வேறு, வீடு வேறு

விடுதியில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு. ஒரே நேரத்தில் விளக்கு அணைப்பு. கதவுச் சாவி பொறுப்பாளரிடம். வெளியே போக அனுமதி வேண்டும்.

துணையோடு வாழும் வீடு அப்படி இல்லை. ஊருக்குள்ளே, தெருவிலே, மற்ற வீடுகளுக்கு நடுவிலே ஒரு சாதாரண வாடகை வீடு. அதில் நாலைந்து பேர் சேர்ந்து குடியிருப்பார்கள். இன்று என்ன சமைப்பது, எந்தக் கடையில் வாங்குவது, டிவியில் என்ன பார்ப்பது என்று அவர்களே முடிவு செய்வார்கள். முடியாத வேலைக்கு மட்டும் ஒரு துணையாளர் கைகொடுப்பார்.

இதை நம் குழு அனுபவத்திலிருந்தே புரிந்துகொள்ளலாம். குழு ஆரம்பித்த புதிதில் வங்கிக்குள் நுழையவே பயந்தோம். யாராவது கூட வந்தார்கள். சலான் எழுதிக் காட்டினார்கள். பிறகு நாமே போனோம். கூட வந்தவர் நம் பணத்தை எடுத்து வைத்துக்கொண்டு "நீ வீட்டில் இரு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லவில்லை அல்லவா? துணை என்பது அதுதான்.

சிலருக்குக் கொஞ்ச நாள் துணை போதும். சிலருக்குக் கடைசிவரை வேண்டும். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

நம் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு

அம்பத்தூரை ஒட்டிய முகப்பேரில் 'அடைக்கலம்' என்ற இடம் உண்டு. 1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரு பெண்கள் தொடங்கிய 'தி பேன்யன்' அமைப்பு அதை நடத்துகிறது. மனநோயோடு தெருவில் திரிந்த பெண்களைக் கூட்டி வந்து, சிகிச்சை கொடுத்து, குடும்பத்தோடு சேர்த்து வைப்பது அவர்கள் வேலை.

பலர் குணமாகி வீடு திரும்பினார்கள். ஆனால் சிலருக்குப் போக வீடே இல்லை. சிலரைக் குடும்பம் ஏற்றுக்கொள்ளவில்லை. சிகிச்சை முடிந்தும் வருஷக்கணக்கில் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று.

இதற்காக அந்த அமைப்பு 2015-ல் 'ஹோம் அகெய்ன்', அதாவது 'மீண்டும் வீடு' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஊர்களுக்குள் வீடு வாடகைக்கு எடுத்து, நாலைந்து பேராகக் குடிவைத்தார்கள். யாரோடு சேர்ந்து இருப்பது என்பதில் அவரவர் விருப்பத்தைக் கேட்டார்கள். உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துத் துணையாளர் ஆக்கினார்கள். பட்டம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் இந்தத் திட்டத்தை நல்ல எடுத்துக்காட்டுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

* மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016: ஊரோடு சேர்ந்து வாழ்வது அவர்கள் உரிமை. இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது (பிரிவு 5).
* மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017: குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது (பிரிவு 19). சங்கிலியால் கட்டுவதற்கு முழுத் தடை (பிரிவு 95).
* நேஷனல் டிரஸ்ட் சட்டம், 1999: ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. 18 வயது தாண்டிய பிள்ளைக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனு கொடுக்கலாம். தாய் தகப்பன் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்து வைப்பது நல்லது. மனநோய் மட்டும் உள்ளவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

ஆவடி, பூந்தமல்லி உறுப்பினர்கள் திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அம்பத்தூர் 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது. எனவே அவர்கள் சென்னை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அடையாள அட்டை, பராமரிப்பு உதவித்தொகை போன்றவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மனநலம் பற்றிப் பேச 14416 என்ற அரசு எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை.

பெயர்ப் பலகையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

'இல்லம்' என்று பலகை மாட்டியதெல்லாம் வீடு ஆகிவிடாது. சேர்க்கும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. அரசுப் பதிவுச் சான்று இருக்கிறதா?
2. வெளியிலிருந்து பூட்டுகிறார்களா?
3. உதவித்தொகை யார் பெயர் பாஸ்புக்கில் வருகிறது? பாஸ்புக் யார் கையில் இருக்கிறது?
4. பெண்கள் இருக்கும் வீட்டில் இரவில் பெண் துணையாளர் உண்டா?
5. சொல்லாமல் கொள்ளாமல் போனாலும் நம்மைப் பார்க்க விடுவார்களா?
6. பிடிக்கவில்லை என்றால் அவரால் வெளியேற முடியுமா?

எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே போக அவருக்கு விருப்பமா என்று அவரையே கேளுங்கள். பேச வராதவருக்கும் முகத்தில் பதில் இருக்கும். நாலு தடவை கூட்டிப் போய்க் காட்டினால் தெரிந்துவிடும்.

குழு என்ன செய்யலாம்?

இப்படி ஒரு வீடு நிலைப்பதும் நிலைக்காததும் அக்கம்பக்கத்தார் கையில்தான் இருக்கிறது. "பைத்தியங்களுக்கு வீடு கொடுக்காதீங்க, குழந்தைங்க இருக்கிற தெரு" என்று நாலு பேர் சொன்னால், வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "வரட்டும், நாங்க இருக்கோம்" என்று குழுப் பெண்கள் பத்துப் பேர் சொன்னால் அதே வீடு கிடைக்கும். அரசும் தொண்டு நிறுவனமும் வாடகை கட்டலாம். ஒரு தட்டு குழம்பைக் கொண்டுபோய்க் கொடுத்து, பெயர் கேட்டுப் பேசுவதை நாம்தான் செய்ய முடியும்.

வேலையும் உண்டு. துணையாளர் பயிற்சிக்கு நம் உறுப்பினர்கள் போகலாம். தரைத்தளத்தில், வீட்டுக்குள்ளேயே கழிப்பறையோடு, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் தகவல் சொல்லலாம். மாற்றுத்திறனாளிப் பெண்களை நம் குழுவிலேயே உறுப்பினராகச் சேர்க்கலாம்.

பெற்றோரும் இன்றே தொடங்கலாம். பிள்ளை தன் தட்டைத் தானே கழுவட்டும். பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். நாம் இருக்கும்போதே பழகினால்தான், நாம் இல்லாதபோதும் வாழ வரும்.

குழுக் கூட்டத்தில் பேச:

1. நம் ஊரில் வெளியே வராமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர்? அவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?
2. அவர்களில் அடையாள அட்டையும் வங்கிக் கணக்கும் இல்லாதவர்கள் யார்?
3. நாளை நம் தெருவில் இப்படி ஒரு வீடு வந்தால் நாம் என்ன சொல்வோம்?

மூன்றாவது கேள்விக்கு ஒவ்வொருவரும் வாய் திறந்து பதில் சொல்லுங்கள். முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.