திருநாள் கணக்கு

நுழையும்முன்

திருநாள் வரும் நாள் நாட்காட்டியில் முன்பே அச்சாகியிருக்கிறது. ஆயினும் அதற்கான செலவு பல இல்லங்களில் எதிர்பாராத செலவாகவே வந்து சேர்கிறது. பிழைப்பின்பொருட்டு ஊர்விட்டு ஊர் சென்று வாழும் குடும்பங்களுக்குப் புத்தாடை, பலகாரம் ஆகியவற்றோடு சொந்த ஊர்ப் பயணச் செலவும் சேர்ந்துவிடுகிறது. கடன்படாமல் திருநாளைக் கொண்டாட ஒரு குடும்பம் வகுத்துக்கொண்ட வழியை இப்பாடம் கூறுகிறது.

1. மைசூருவில் ஒரு குடும்பம்

டிசம்பர் பிறந்ததும் மைசூரு நகரின் அசோகா சாலைப் பகுதி களைகட்டுகிறது. தூய பிலோமினா பேராலயம் அங்கேதான் அமைந்துள்ளது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1933ஆம் ஆண்டு இதற்கு அடிக்கல் நாட்டினார். செருமனியின் கோலோன் பேராலயத்தை முன்மாதிரியாகக் கொண்டு எழுந்த இதன் இரட்டைக் கோபுரங்கள் ஏறத்தாழ 175 அடி உயரமுடையவை. கிறிஸ்துமஸ் நாள்களில் இப்பேராலயம் விளக்கொளியில் மிளிரும். வீட்டு வாயில்களில் நட்சத்திர விளக்குகள் தொங்கும். திண்ணைகளில் குடில்கள் எழும்.

அந்நகரின் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வெல்டராகப் பணிபுரியும் ஒருவரின் குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் காண்க. அவருடைய சொந்த ஊர் தூத்துக்குடி. மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறார். மகள் ஏழாம் வகுப்பிலும் மகன் மூன்றாம் வகுப்பிலும் பயில்கின்றனர். தூத்துக்குடியில் ஆச்சியும் அத்தையும் வாழ்கின்றனர். ஆண்டுக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸ் விடுமுறையில்தான் குழந்தைகள் ஆச்சியைக் காண இயலும்.

குடும்பத்தின் மாத வருவாய் 30,000 ரூபாய். வீட்டு வாடகை 8,000, உணவும் சமையல் எரிவாயுவும் 10,500, கல்வியும் பேருந்தும் 3,000, மின்சாரம், குடிநீர், கைப்பேசி 1,800, ஆச்சிக்கு அனுப்புவது 2,000, மருத்துவம் 1,200, இருசக்கர வண்டித் தவணை 2,000. ஆக மொத்தம் 28,500 ரூபாய் செலவாகும். மீதம் 1,500 ரூபாய். அந்த 1,500 ரூபாய் மாதந்தோறும் எவ்வழியே சென்றது என்பதை முன்பெல்லாம் வீட்டில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

2. சென்ற ஆண்டின் கிறிஸ்துமஸ்

சென்ற ஆண்டு தசராவையொட்டிக் கிடைத்த போனஸ் 7,000 ரூபாயும், கையிருப்பு 2,000 ரூபாயும் ஆக 9,000 ரூபாய்தான் வீட்டில் இருந்தது. ஆனால் கிறிஸ்துமஸுக்கு ஆன செலவு 24,000 ரூபாய். அதன் விவரம் வருமாறு:

புத்தாடை – 8,000
ஊர்ப்பயணம் – 6,000
கேக்கும் பலகாரமும் – 3,500
உறவினர்க்குப் பரிசு – 3,000
விருந்து – 2,000
நட்சத்திரம், குடில், விளக்கு – 1,500
மொத்தம் – 24,000

குறைந்த 15,000 ரூபாய்க்குத் தாயின் தங்கக் கம்மல் அடகுக்கடைக்குச் சென்றது. வட்டி, மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய். தூத்துக்குடியில் மருமகளின் வெறுங்காதைப் பார்த்த ஆச்சி காரணம் வினவினார். "காது புண்ணாகிவிட்டது அத்தை, கழற்றி வைத்திருக்கிறேன்" என்றார் தாய். அருகில் நின்ற மகளுக்கு உண்மை தெரியும். அவள் தலைகுனிந்துகொண்டாள்.

கம்மலை மீட்க எட்டு மாதங்கள் ஆயின. மாதம் 225 ரூபாய் வீதம் எட்டு மாதங்களுக்கு வட்டி மட்டும் 1,800 ரூபாய். அசலோடு சேர்த்து 16,800 ரூபாய். மாத மீதம் 1,500 ரூபாய் எட்டு மாதங்களும் இதற்கே சென்றது. அது 12,000 ரூபாய். எஞ்சிய 4,800 ரூபாயை, ஜூன் மாதத்தில் பள்ளிச் சீருடைகளை இரவெல்லாம் தைத்துத் தாய் ஈட்டினார். 24,000 ரூபாய்த் திருநாளின் உண்மையான விலை 25,800 ரூபாய் ஆயிற்று.

3. செப்டம்பர் மாதத்து ஞாயிறு

கம்மல் மீண்ட மறுவாரம், செப்டம்பர் முதல் ஞாயிறன்று, தந்தை இவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் பற்றிப் பேச்செடுத்தார். "பணம் போதாவிட்டால் மறுபடியும் கம்மலை வைத்துக்கொள்ளலாம்" என்றார். தாய் மறுமொழி கூறவில்லை. மகள் தன் கணக்கு ஏட்டையும் எழுதுகோலையும் எடுத்துவந்தாள்.

"அப்பா, கிறிஸ்துமஸுக்குள் நம் கைக்கு எவ்வளவு வரும்?" என்று அவள் கேட்டாள்.

செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நான்கு மாதங்களின் மீதம் 6,000 ரூபாய். தசரா போனஸ் 7,000 ரூபாய். ஆக 13,000 ரூபாய். அவள் அத்தொகையை ஏட்டின் உச்சியில் எழுதி அடிக்கோடிட்டாள். சென்ற ஆண்டு முதலில் பொருள்களை வாங்கிவிட்டுப் பிறகு பணம் தேடினர். இவ்வாண்டு பணத்தின் எல்லை முதலில் வரையப்பட்டது. செலவுகள் அதற்குள் அடங்க வேண்டும்.

அடுத்து, எதனை விட்டுக்கொடுக்கவே இயலாது என்பதை ஒவ்வொருவரும் கூறினர். "ஆச்சியைப் பார்க்க வேண்டும்" என்றார் தாய். "வாசலில் நட்சத்திரம் வேண்டும்" என்றான் மகன். "புதுச் சட்டை" என்று மகள் மெல்லக் கூறினாள். தந்தை சற்றுத் தயங்கினார்.

"ஆண்டுக்கு ஒருமுறை போகிறோம். தங்கை வீட்டுக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது? மைசூருவில் நாம் நன்றாக இல்லை என்று நினைப்பார்களே" என்றார்.

"சென்ற ஆண்டு கை நிறையத்தான் கொண்டுபோனோம், காதுதான் வெறுமையாக இருந்தது" என்றார் தாய்.

வீட்டில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர்த் தந்தையே, "கடையில் வாங்காமல் நாமே என்ன செய்துகொண்டு போகலாம்?" என்று கேட்டார்.

4. புதிய திட்டம்

பயணமே முதலிடம் பெற்றது. சென்ற ஆண்டு கடைசி நேரத்தில் தட்கல் முறையில் பயணச்சீட்டு வாங்கினர். இரண்டாம் வகுப்புப் படுக்கைக்குத் தட்கலில் ஓர் இருக்கைக்கு 100 ரூபாய் முதல் 200 ரூபாய் வரை கூடுதல் கட்டணம் உண்டு. நால்வர் சென்று திரும்ப எட்டு இருக்கைகள் வேண்டும். 2024 நவம்பர் முதல் இரயில்களில் 60 நாள்களுக்கு முன்னரே முன்பதிவு செய்யலாம் என்பது விதி. எனவே டிசம்பர் 23ஆம் நாள் புறப்படும் மைசூரு – தூத்துக்குடி விரைவு வண்டிக்கு அக்டோபர் இறுதி வாரத்திலேயே முன்பதிவு செய்வதென முடிவாயிற்று. வழிக்கு வேண்டிய புளியோதரையை வீட்டிலிருந்தே எடுத்துச்செல்லலாம்.

பெற்றோர் தமக்குப் புத்தாடை வேண்டாம் என்றனர். மகனுக்குக் கடையில் ஆயத்த ஆடை. மகளுக்குத் துணி வாங்கித் தாயே தைப்பார். கடையில் பார்த்துவைத்த சட்டையை மகள் விட்டுக்கொடுத்தாள். துணியின் நிறத்தை அவளே தேர்ந்தெடுக்கலாம் என்று தாய் உறுதியளித்தார். அத்தைக்கும் உறவினர்க்கும் கடலைமாவு, சர்க்கரை, நெய் வாங்கி வீட்டிலேயே மைசூர்பாகு செய்வது. முறுக்கும் கல்கலும் வீட்டிலேயே பிழிந்தும் பொரித்தும் எடுப்பது. கேக் மட்டும் கடையில் வாங்குவது. சென்ற ஆண்டு வாங்கிய மின்விளக்குச் சரமும் குடில் பொம்மைகளும் பரணில் உள்ளன; மூங்கில் குச்சியும் வண்ணத்தாளும் வாங்கினால் நட்சத்திரத்தை மகனே செய்துவிடுவான்.

"ஒரு வரி விட்டுப்போயிற்று" என்றார் தாய். இல்லாதவர்க்குக் கொடுக்க ஒரு தொகை எழுதப்பட்டது. திட்டம் இவ்வாறு நிறைவுற்றது:

ஊர்ப்பயணம் – 4,600
புத்தாடை – 3,200
கேக்கும் பலகாரமும் – 1,800
உறவினர்க்குப் பரிசு – 1,400
விருந்து – 1,300
நட்சத்திரம் – 200
எளியோர்க்கு உதவி – 500
மொத்தம் – 13,000

அந்தத் தாள் சமையலறைச் சுவரில் ஒட்டப்பட்டது. ஒவ்வொரு செலவும் நடந்த அன்றே அதன் எதிரே எழுதப்பட்டது. நெய்யின் விலை எண்ணியதைவிட 150 ரூபாய் கூடியபோது, விருந்துச் செலவில் 150 ரூபாய் குறைக்கப்பட்டது. மொத்தத் தொகை மட்டும் மாறவில்லை.

கிறிஸ்துமஸ் முன்னாள் காலை ஆச்சி வாசலிலேயே காத்திருந்தார். மருமகளின் முகத்தைப் பிடித்து முத்தமிட்டவர், காதைப் பார்த்தார். "புண் ஆறிவிட்டதா?" என்று கேட்டார். "ஆறிவிட்டது அத்தை" என்றார் தாய். மகள் இம்முறை தலைகுனியவில்லை.

5. அடுத்த ஆண்டுக்கான வழி

திட்டத்தின் உண்மையான பயன் ஜனவரியில்தான் தொடங்குகிறது. வங்கியில் மாதம் 1,500 ரூபாய் வீதம் ஒன்பது மாதத் தொடர் வைப்பு ஒன்றை ஜனவரியில் தொடங்கினால், அக்டோபரில் 13,500 ரூபாயும் வட்டியும் கைக்கு வரும். இரயில் முன்பதிவு செய்ய வேண்டிய காலமும் அதுவே. போனஸ் தொகையை நோய், பழுது போன்ற எதிர்பாராத செலவுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். சென்ற ஆண்டு அக்குடும்பம் வட்டி கொடுத்தது. இனி வட்டி பெறும்.

திருநாளுக்கென ஆண்டு முழுதும் சிறுகச் சேர்க்கும் பழக்கம் பல நாடுகளில் உண்டு. 1909ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கார்லைல் நகர வங்கியொன்று கிறிஸ்துமஸுக்கெனவே தனிச் சேமிப்புக் கணக்கைத் தொடங்கியது. விரைவில் வேறு வங்கிகளும் அதனைப் பின்பற்றின. தமிழ்நாட்டில் தீபாவளிச் சீட்டும் பலகாரச் சீட்டும் இவ்வகையினவே.

ஆனால் பணத்தை யாரிடம் கொடுக்கிறோம் என்பதும் முதன்மையானது. பிரிட்டனில் ஃபேர்பேக் என்னும் நிறுவனத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கிறிஸ்துமஸுக்காகப் பணம் செலுத்திவந்தனர். 2006 அக்டோபரில் அந்நிறுவனம் திவாலானது. சேர்த்த பணம் அவ்வாண்டுத் திருநாளுக்கு அவர்கள் கைக்கு வரவில்லை. இந்தியாவில் சீட்டு நடத்துவோர் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவுபெற வேண்டும். முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களை 2019ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடைசெய்கிறது. பதிவுச் சான்றும் ரசீதும் இல்லாத இடத்தில் பணம் செலுத்துவது, திருநாளையே பணயம் வைப்பதாகும்.

வருவாய் சிறிதாயினும் செலவு அதனைக் கடந்து விரியாவிடில் கேடில்லை என்பது வள்ளுவர் கருத்து. கிறிஸ்துமஸ், பொங்கல், ரம்ஜான், தசரா என எத்திருநாளாயினும் அது வரும் காலம் முன்பே தெரியும். ஆகவே அதற்கான பணத்தையும் முன்பே சேர்க்க இயலும்.

சொல்லும் பொருளும்

ஆச்சி – பாட்டி (தென்மாவட்ட வழக்கு)
அத்தை – தந்தையின் உடன்பிறந்தாள், கணவனின் தாய்
அசல் – வட்டி நீங்கலாகக் கடனாகப் பெற்ற தொகை
அடகு – பொருளை ஈடாக வைத்துக் கடன் பெறுதல்
தொடர் வைப்பு – மாதந்தோறும் ஒரே தொகையைக் குறித்த காலம்வரை வங்கியில் செலுத்தும் சேமிப்பு
பரண் – பொருள்களை வைக்க, கூரையின் அடியில் அமைத்த தட்டு

மொழியை அறிவோம்

தமிழும் கன்னடமும் ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. தமிழ்ச் சொல்லின் முதலில் வரும் வகரம் கன்னடத்தில் பல இடங்களில் பகரமாகவும், பகரம் ஹகரமாகவும் ஒலிக்கும். மைசூருக் கடைத்தெருவில் நாள்தோறும் கேட்கும் சொற்களிலேயே இதனைக் காணலாம்.

விலை – பெலெ
வட்டி – பட்டி
வெல்லம் – பெல்ல
பணம் – ஹண
பால் – ஹாலு

(முதல் மூன்று கன்னடச் சொற்களிலும் முதலெழுத்தை 'படகு' என்னும் சொல்லில் வருவதுபோல் அன்றி, 'தம்பி' என்னும் சொல்லின் 'பி' போல் மெலிதாக ஒலிக்க.)

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. தூய பிலோமினா பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்ட ஆண்டு ______.
2. கம்மலை மீட்கச் செலுத்திய வட்டி மொத்தம் ______ ரூபாய்.
3. மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டி எனில், ஆண்டுக்கு நூற்றுக்கு ______ ரூபாய்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. மகள் ஏட்டின் உச்சியில் எத்தொகையை எழுதினாள்? ஏன்?
2. நெய்யின் விலை கூடியபோது குடும்பத்தார் செய்தது யாது?
3. முன்கூட்டியே பயணச்சீட்டு வாங்குவதால் விளையும் நன்மை யாது?

இ. ஒரு பத்தியில் விடையளிக்க.
1. "காதுதான் வெறுமையாக இருந்தது" என்று தாய் கூறியது தந்தையின் எண்ணத்தை எவ்வாறு மாற்றியது?
2. பணம் சேர்க்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கருத வேண்டியவை யாவை?

ஈ. கற்றபின் செய்க.
1. திருக்குறளின் 'வலியறிதல்' அதிகாரத்தில் 478ஆம் குறளைக் கண்டறிந்து பொருளுடன் எழுதுக. அது இக்குடும்பத்துக்குப் பொருந்துமாற்றை விளக்குக.
2. 'வா', 'வேர்', 'பத்து' ஆகியவற்றுக்கு இணையான கன்னடச் சொற்களைக் கேட்டறிந்து எழுதுக.
3. வீட்டில் கொண்டாடும் ஒரு திருநாளுக்குப் பெற்றோருடன் அமர்ந்து செலவுத் திட்டம் ஒன்று வகுக்க. தொகையின் எல்லையை முதலில் எழுதுக. விட்டுக்கொடுக்க இயலாத ஒன்றை ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதுக.