சோம்பேறியா, இளைத்தவனா?

வேதபாடம். வாசிக்க வேண்டிய பகுதி: யாத்திராகமம் 5:1-18, உபாகமம் 5:12-15



இந்த மாதப் பாடத்தை ஒரு பாவ அறிக்கையோடு ஆரம்பிக்கிறேன். நான் முழுநேர ஊழியன் அல்ல என்பது உங்களில் பலருக்குத் தெரியும். வாரத்தில் ஆறு நாள் கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை சபை. வெள்ளி இரவு முழு இரவு ஜெபம், சனி காலை பட்டறை, சாயங்காலம் வீட்டுக்கூட்டம். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. "பாஸ்டர் தூங்கவே மாட்டார்" என்று யாராவது சொன்னால் உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன்.

ஒரு ஞாயிறு, செய்தி நேரத்தில் ஒரு சகோதரர் பின்வரிசையில் தூங்கிவிட்டார். தலை சாய்ந்து, வாய் திறந்து நல்ல தூக்கம். நான் எதைக் குறித்துப் பிரசங்கித்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? எழுப்புதலைக் குறித்து! கோபம் வந்துவிட்டது. மேடையிலிருந்தே, "சினிமா கொட்டகையில் தூங்குவீர்களா? தேவ சமூகத்தில் சோம்பேறிக்கு இடமில்லை" என்று சொல்லிவிட்டேன். சிலர் "ஆமென்" என்றார்கள். அவர் முழித்து, தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

வீட்டுக்குப் போனேன். லைன் வீடு, ஒரே அறை. காலை 10 மணி. அவர் தரையில் படுத்திருந்தார், பிள்ளைகளைச் சத்தம் போடவேண்டாம் என்று அம்மா வெளியே உட்காரவைத்திருந்தார்கள். ஸ்பின்னிங் மில்லில் முழு நைட், இரவு 12 முதல் காலை 8 வரை. ரிங் பிரேமுக்கு நடுவில் நடந்துகொண்டே அறுந்த நூலை ஒட்டவேண்டும், உட்கார நேரமில்லை. சனி இரவு வேலை முடித்து, வீட்டில் குளித்து, 9 மணி ஆராதனைக்கு நேராக வந்திருக்கிறார். அந்தச் சகோதரி என்னிடம் கோபப்படவில்லை. "அவரு தூங்கறதுக்கு வரலீங்க பாஸ்டர். தூங்காம வந்தாருங்க" என்று மட்டும் சொன்னார்கள்.

அன்று என்னால் அந்த வீட்டில் ஜெபிக்க முடியவில்லை. வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து வேதத்தைத் திறந்தபோது கர்த்தர் யாத்திராகமம் 5-ம் அதிகாரத்தில் என்னை நிறுத்தினார். மோசேயும் ஆரோனும் பார்வோனிடம் கேட்டது என்ன? ஜனங்கள் வனாந்தரத்தில் மூன்று நாள் பிரயாணம் போய் கர்த்தருக்குப் பலியிட வேண்டும். பார்வோன் என்ன செய்தான்? வைக்கோல் கொடுக்காதே, ஆனால் செங்கல் கணக்கைக் குறைக்காதே என்று ஆளோட்டிகளுக்குக் கட்டளையிட்டான். அதற்கு அவன் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். இவர்கள் சோம்பலாயிருக்கிறார்கள், அதனால்தான் ஆராதனை கேட்கிறார்கள் என்றான் (வச. 8, 17). களைத்துப்போன அடிமையைச் சோம்பேறி என்று சொன்னது யார்? தேவனா? இல்லை, பார்வோன். நான் மேடையில் பேசினது யாருடைய வார்த்தை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இப்போது உபாகமம் 5-க்கு வாருங்கள். ஓய்வுநாள் கட்டளை வேதத்தில் இரண்டு இடத்தில் பத்துக் கட்டளையோடு வருகிறது. யாத்திராகமம் 20:11-ல் காரணம் சிருஷ்டிப்பு: கர்த்தர் ஆறு நாளில் உண்டாக்கி ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார். உபாகமம் 5:15-ல் காரணம் வேறு: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், கர்த்தர் உன்னைப் புறப்படப்பண்ணினார். அடிமைக்கு லீவு கிடையாது. விடுதலையானவனுக்குத்தான் ஓய்வு உண்டு. ஆகவே ஓய்வு என்பது வேலை முடிந்தபிறகு மிச்சமாகக் கிடைப்பதல்ல, மீட்பின் அடையாளம்.

சனிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா என்று சிலர் இங்கே தர்க்கத்துக்கு வருவார்கள். கொலோசெயர் 2:16-ஐ வாசித்துவிட்டு சமாதானமாயிருங்கள். நான் பேசுவது நாளைப் பற்றி அல்ல.

அந்தக் கட்டளை யாருக்குச் சொல்லப்பட்டது என்றும் பாருங்கள். வேலைக்காரனுக்கல்ல, வேலைக்காரன் வைத்திருக்கிறவனுக்கு! உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும், உன் மாடும் கழுதையும்கூட. நம் சபைகளில் பட்டறை வைத்திருக்கிறவர்கள், பனியன் கம்பெனி நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். 1948-ம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டமே வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரு நாள் விடுமுறை என்று எழுதிவைத்தது. அப்படியிருக்க, விசுவாசியான முதலாளி, "ஷிப்மெண்ட் அவசரம், இந்த ஒரு ஞாயிறு மட்டும்" என்று வருஷம் முழுக்கச் சொன்னால் எப்படி? கர்த்தருக்கு அவசரம் தெரியாமலில்லை. உழவு காலத்திலும் அறுப்பு காலத்திலும்கூட ஓய்ந்திரு என்று யாத்திராகமம் 34:21-ல் தனியாகவே சொல்லியிருக்கிறார். விவசாயிக்கு அதைவிட ஷிப்மெண்ட் வேறு உண்டா?

மிஷின் நிற்கக்கூடாது என்பதற்காக மனுஷன் எதையும் செய்வான். 1929-ல் சோவியத் ரஷ்யாவில் வாரத்தையே ஐந்து நாளாக்கி, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு நாள் ஓய்வு என்று பிரித்தார்கள். மிஷின் நிற்கவில்லை. ஆனால் கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு வேறொரு நாள். ஜனங்கள் முறுமுறுத்தார்கள். 1931-ல் அதை மாற்றி, 1940-ல் பழைய ஏழு நாள் வாரத்துக்கே திரும்பினார்கள். அவ்வளவு தூரம் போகவேண்டாம். நான் சொன்ன சகோதரருக்கு வார லீவு புதன்கிழமை, பனியன் கம்பெனிக்குப் போகும் அவர் மனைவிக்கு ஞாயிறு. ஒரே வீட்டில் இருந்தும் இருவரும் உட்கார்ந்து சாப்பிட ஒரு நாள் இல்லை.

அதற்காக, "பாஸ்டரே தூங்கச் சொல்லிட்டார்" என்று யாரும் பாயை விரிக்க வேண்டாம். கட்டளையின் முதல் பாதி ஆறு நாள் வேலை. பவுல் கூடாரம் பண்ணிப் பிழைத்தவர் (அப். 18:3). வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று கட்டளையிட்டவரும் அவரே (2 தெச. 3:10). ஊழிய அழைப்பு இருக்கிறது என்று சொல்லி, அம்மா இட்லி சுட்டு விற்கிற காசில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திரிகிற வாலிபர்களுக்கு எலியாவின் சூரைச்செடி கிடையாது. அது ஓடிக் களைத்தவனுக்கு.

எலியாவைச் சொன்னேன் அல்லவா? 1 இராஜாக்கள் 19. சாகவேண்டும் என்று கேட்டுவிட்டுப் படுத்தவனைத் தேவதூதன் தட்டியெழுப்பி என்ன சொன்னான்? முழங்காற்படியிடு என்றா? எழுந்து சாப்பிடு என்றான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டான், மறுபடியும் படுத்துக்கொண்டான். தூதன் அதற்குத் திட்டவில்லை. இரண்டாம்தரமும் வந்து சாப்பாடு கொடுத்தான். ஓரேபில் மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்குப் பிற்பாடு.

துரோவாவில் பவுல் நடுராத்திரிமட்டும் பிரசங்கித்தபோது தூங்கி, மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்த ஐத்திகுவையும் நினையுங்கள் (அப். 20:7-12). அது வாரத்தின் முதல் நாள். கி.பி. 321-ல் கான்ஸ்டன்டைன் சட்டம் போடும்வரை ரோம ராஜ்யத்தில் அது விடுமுறை நாள் அல்ல. அந்த வாலிபன் பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்திருக்கலாம், வேதம் அதைச் சொல்லவில்லை. பவுல் பிரசங்கத்தை நிறுத்தி, இறங்கிப்போய், அவனை அணைத்துக்கொண்டார் என்று சொல்லியிருக்கிறது. நான் இறங்கிப்போகவில்லை.

எனக்கும் பாடம் கிடைத்தது. முழு இரவு ஜெபம் முடித்து சனிக்கிழமை லேத்தில் நின்றபோது ஒரு நொடி கண் அசந்தது. டூல் சக்கில் மோதி, ஜாப் காதோரம் பறந்துபோனது. ஒரு சாண் தள்ளி நின்றிருந்தால் இந்தப் பாடத்தை நான் எழுதியிருக்க மாட்டேன். அன்று இரவு என் மனைவி ரொம்பநாள் அடக்கிவைத்திருந்ததைச் சொன்னார்கள். ஞாயிறு சபைச் சாப்பாட்டுக்கு விடிய 4 மணிக்கு அடுப்பு பற்றவைக்கிற சகோதரிகளுக்கு எந்த நாள் ஓய்வுநாள் என்று கேட்டார்கள். பதில் இல்லை. நம் சபையே சிலருக்கு ஆளோட்டியாகிவிட்டதோ?

மூப்பர்களோடு பேசினோம். முழு இரவு ஜெபத்தை மாதம் ஒருமுறை, மறுநாள் விடுமுறை வருகிற வெள்ளிக்கு மாற்றினோம். சபைச் சாப்பாடும் மாதம் ஒரு தடவைதான், பாத்திரம் கழுவுவது ஆண்கள். புதன் சாயங்காலம், மில்லில் லீவு கிடைக்கிறவர்களுக்காக ஒரு சிறு ஆராதனை. "ஆவி அணைந்துபோச்சு" என்று சிலர் வருத்தப்பட்டார்கள். ஒரு குடும்பம் வேறு சபைக்குப் போய்விட்டது. அது எனக்கு இன்னும் வேதனைதான்.

அந்தச் சகோதரரிடம் அவர் வீட்டிலேயே போய் மன்னிப்புக் கேட்டேன். சபையிலும் கேட்டேன், அங்கேதானே அவமானப்படுத்தினேன். இப்போது புதன்கிழமை மனைவி வேலையிலிருந்து வந்ததும் குடும்பமாக வருகிறார்கள். போன ஞாயிறும் நைட் முடித்து வந்திருந்தார். செய்தி பாதியில் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். பக்கத்திலிருந்தவர் தோளைத் தொடப்போனார். நான் மேடையிலிருந்தே கைகாட்டி வேண்டாம் என்றேன், குரலையும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன்.