ஊரடங்கில் வீட்டுக்கு வந்த நாய்க்குட்டி: முதன்முறை வளர்ப்பவர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுக்கக் கொரோனா ஊரடங்கு தொடங்கிய பிறகு, நாய் வளர்த்துப் பழக்கமே இல்லாத பல வீடுகளுக்குக் குட்டிகள் வந்து சேர்ந்தன. அப்போது பள்ளிக்கூடம் இல்லை, பெரியவர்களுக்கும் வீட்டிலிருந்தே வேலை, பிள்ளைகள் விடாமல் கேட்டார்கள், வாங்கியாயிற்று. குட்டியைப் பக்கத்திலிருந்து கவனிக்க அது நல்ல நேரம்தான். ஆனால் நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் நம்மோடு இருக்கும். ஊரடங்கு அவ்வளவு காலம் நீடிக்கவில்லை. எல்லோரும் வெளியே கிளம்பிவிட்ட வீட்டிலும் அது நிம்மதியாக இருக்க வேண்டும். அதற்கும் சேர்த்து இப்போதே பழக்குங்கள்.

1. எட்டு வாரம் முடியாத குட்டியை வாங்காதீர்கள். நாய் விற்பனை தொடர்பாக மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த விதிகளும் இதையே சொல்கின்றன. தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை மட்டும் நம்பிப் பணம் அனுப்பவும் வேண்டாம். தாய் நாயைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்ற குளிர்தேச நாய்களை நம் வெயிலில் வளர்ப்பது அவற்றுக்குத் துன்பம். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நம் மண்ணின் நாய்கள், ஆனால் ஓட இடம் வேண்டும். அடுக்குமாடி வீட்டுக்குத் தெருவில் பிறந்த நாட்டுக் குட்டியே போதும். என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் சொல்வேன்.

2. தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி. பிறகு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை. மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. அதன்பின் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பூஸ்டர். "பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்று இருந்துவிடக் கூடாது. கால்நடை மருத்துவமனைகளுக்கு 2020 ஊரடங்கிலிருந்துகூட விலக்கு இருந்தது. முன்கூட்டியே போன் செய்து நேரம் வாங்கிக்கொண்டு போய் வாருங்கள். சில தடுப்பூசிகளின் லேபிளில் 'கொரோனா' என்று இருக்கும். அது நாய்களின் குடலைத் தாக்கும் வேறொரு வைரஸுக்கானது. கோவிட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை, மனிதருக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் கிடையாது.

3. ஊசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்கி விடாதீர்கள். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குட்டி சோர்ந்து படுத்து, வாந்தி எடுத்து, ரத்தம் கலந்து கழிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுங்கள். ஒரு ராத்திரி பார்க்கலாம் என்று காத்திருந்து குட்டியைப் பறிகொடுத்தவர்கள் நிறைய. முன்பு பார்வோவில் நாய் இறந்த வீடு என்றால் ஃபினாயில் போட்டுத் துடைத்தால் போதாது. ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து தரையைத் துடைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். தரை காயும்வரை நாய் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

4. நாயிடமிருந்து நமக்குக் கொரோனா வருமா என்று ஊரடங்கில் கேட்காத வீடில்லை. 2020 பிப்ரவரி இறுதியில் ஹாங்காங்கில் ஒரு பொமரேனியன் நாயிடம் இந்த வைரஸ் லேசாகத் தென்பட்டது. தொற்று அந்த நாயை வளர்த்தவருக்கு முதலில் வந்தது. நாய்கள் மூலம் மனிதர்களிடையே இந்த நோய் பரவுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. வதந்திக்குப் பயந்து நாயைத் துரத்த வேண்டாம். உங்களுக்குத் தொற்று வந்தால் நாயைக் கொஞ்சுவது, முகத்தை நக்கவிடுவது, ஒரே தட்டில் சாப்பாடு தருவது ஆகியவற்றை நிறுத்திவிட்டு, வேறொருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

5. அந்த வேறொருவர் யார் என்பதை இன்றே முடிவு செய்யுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டாலோ மருத்துவமனையில் சேர்ந்துவிட்டாலோ சாவி யாரிடம் இருக்கும்? பக்கத்து வீட்டு அக்காவோ தெரு முனையில் இருக்கும் நண்பரோ, முன்பே பேசி வையுங்கள். நாய் என்ன சாப்பிடும், எத்தனை வேளை, எந்த மருத்துவர் என்பதை ஒரு தாளில் எழுதி, தடுப்பூசி அட்டையோடு சேர்த்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். இரண்டு வாரத்துக்கான தீவனமும் எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

6. நாயின் காலில் சானிடைசர் தடவாதீர்கள். ஆல்கஹால் தோலை வறட்சியாக்கும், நாய் நக்கினால் வயிற்றுக்குள் போகும். வெளியே போய் வந்தால் தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். விரலிடுக்கில் ஈரம் நிற்காமல் துடைத்து விடுங்கள். நாய்க்கு முகக்கவசமும் கூடாது.

7. பல வீட்டு மேஜைகளில் மாத்திரைப் பட்டைகள் கிடக்கின்றன. பாராசிட்டமால் நாயின் கல்லீரலைக் கெடுக்கும். ஐபுப்ரோஃபென் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும். உடம்பு சுடுகிறதே என்று நம் மாத்திரையில் பாதியைக்கூடக் கொடுக்கக் கூடாது. நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பான சூடுதான். நெற்றியில் காட்டிப் பார்க்கும் வெப்பமானி ரோமத்தின் மேல் சரியாகக் காட்டாது. ஆவி பிடிக்கும் யூகலிப்டஸ் தைலம், பீரோவில் போடும் நாப்தலின் உருண்டை இரண்டுமே நாய்க்கு நஞ்சு. அதன் வாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

8. சாப்பாடு. தயிர்சாதத்தை மட்டுமே ஊற்றி வளர்க்கும் வீடுகள் நம்மிடம் அதிகம். வளரும் குட்டிக்கு அதில் புரதமும் கால்சியமும் போதாது. வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கிய கோழிக்கறி சேருங்கள். சைவ வீடாக இருந்தால் குட்டிகளுக்கென விற்கும் தீவனமே நல்லது. வெங்காயமும் பூண்டும் ரத்த அணுக்களை அழிக்கும் என்பதால் சாம்பார், குழம்பு எதுவும் வேண்டாம். பாயசத்தில் போடும் திராட்சையும் சாக்லேட்டும் ஆபத்தானவை. வெந்த கோழி எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். பால் பல குட்டிகளுக்குச் செரிக்காமல் கழிச்சலைக் கொண்டுவரும். மூன்று மாதம் வரை நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை. உணவை மாற்றுவதானால் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

9. பூச்சி மருந்தை மருத்துவர் சொல்லும் அட்டவணைப்படி கொடுங்கள்.

10. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் குட்டியை ஒரே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். பால்கனியோ மொட்டை மாடியோ, இடம் மாறக் கூடாது. அங்கே போனதும் உடனே பாராட்டுங்கள். இரண்டு மாதக் குட்டி மூன்று மணி நேரம் அடக்குவதே பெரிது. தப்பான இடத்தில் போய்விட்டால் மூக்கை அதில் தேய்ப்பது கொடுமை. குட்டிக்குப் பயம்தான் வரும். சத்தமில்லாமல் துடைத்துவிட்டு அடுத்த முறை சீக்கிரம் கூட்டிப் போங்கள்.

11. மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை குட்டி எதைப் பார்க்கிறதோ அதெல்லாம் பழகிவிடும். பார்க்காதது பின்னாளில் பயமாகும், பயம் கடியாக மாறும். ஊரடங்கில் வளர்ந்த குட்டிகளுக்கு விருந்தாளியும் இருக்கவில்லை, தெருச் சத்தமும் இருக்கவில்லை. உங்கள் குட்டிக்கு அந்தக் குறை வராதபடி, அதைக் கையில் தூக்கிக்கொண்டு வாசலில் நில்லுங்கள். பால்காரர், ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், தடியூன்றி நடக்கும் தாத்தா, குப்பை வண்டி எல்லாவற்றையும் தள்ளி நின்று பார்க்கட்டும். நீங்களும் வீட்டுக்குள் முகக்கவசம் போட்டுக் கழற்றிக் காட்டுங்கள். குக்கர் விசில், மிக்ஸி சத்தத்தின்போது ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள்.

12. தனியே இருக்கப் பழக்குங்கள். இந்தக் குறிப்புகளில் மிக முக்கியமானது இதுதான். இருபத்துநான்கு மணி நேரமும் மடியிலேயே இருந்த குட்டிக்கு, ஒருநாள் திடீரென்று வீடு காலியானால் உலகமே இல்லாமல் போய்விடும். கதவைப் பிராண்டும், எச்சில் ஒழுகும், ஊளையிடும், சோபாவைக் கிழிக்கும். இன்றைக்கே தொடங்குங்கள். நீங்கள் லேப்டாப்பில் வேலை செய்யும்போது குட்டி வேறு அறையில் கடிக்கும் பொம்மையோடு இருக்கட்டும். முதலில் ஒரு நிமிடம், பிறகு ஐந்து, பத்து, அரை மணி. அது அழத் தொடங்கும் முன்பே திரும்பி வந்துவிடுங்கள். அழுதால் நேரம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், அடுத்த முறை குறையுங்கள். செருப்பு மாட்டி, பையும் சாவியும் எடுத்துக்கொண்டு படியிறங்கி உடனே திரும்பி வாருங்கள். சாவிச் சத்தத்துக்கும் பிரிவுக்கும் தொடர்பில்லை என்று அதற்குப் புரியும். போகும்போது கட்டிப்பிடித்து விடைபெறாதீர்கள், வந்ததும் ஆர்ப்பாட்டம் செய்யாதீர்கள். சாப்பாட்டையும் நடையையும் நீங்கள் அலுவலகம் போகும் நாளில் எந்த நேரத்தில் முடியுமோ அந்த நேரத்துக்கே இப்போது வையுங்கள். பகலில் எப்போது வேண்டுமானாலும் விளையாடிப் பழகிய குட்டி அதை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்குத் திரும்பியதும் கிழிந்த தலையணையைக் காட்டி அடிப்பதில் பயனே இல்லை, எதற்கு அடி என்று அதற்குத் தெரியாது.

13. தினமும் காது மடல், கழுத்து, விரலிடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம். சாப்பிடாமல் படுத்திருந்து, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்தால் ரத்தப் பரிசோதனை அவசியம்.

14. வெயில் ஏறும் முன் நடையை முடியுங்கள். புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பாருங்கள். ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் பொறுக்காது.

15. எந்த நாய் கடித்தாலும், குட்டியின் பல் பட்டாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு வைக்கக் கூடாது. வெறிநாய்க்கடி ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடுகிறார்கள். வெறிநோய் அறிகுறி வந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது.

16. வருமானம் போனாலோ ஊர் மாறினாலோ நாயை வைத்துக்கொள்ள முடியாத நிலை யாருக்கும் வரலாம். அப்போது தெருவில் இறக்கிவிட்டு வண்டியை எடுத்துவிடாதீர்கள். வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் இரை தேடவும் தெரியாது, மற்ற நாய்களிடம் தப்பிக்கவும் தெரியாது. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். உறவினர், நண்பர், உங்கள் மருத்துவர், ஊரில் உள்ள விலங்கு நல அமைப்பு என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள். வேறொரு வீடு உறுதியாகும்வரை அதை உங்களோடு வைத்திருங்கள்.