படிக்கிறவரும் இல்லறத்தாரும் ஒரே ஆள் என்றால்?



இந்த மாதப் பாடம் நான்கு ஆசிரமங்கள். பிரம்மசரியம், கிருகஸ்தம், வானப்பிரஸ்தம், சந்நியாசம் என்று சமய வகுப்பில் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்திருப்போம். முதலில் படிப்பு, பிறகு குடும்பம், பிறகு ஒதுங்கல், கடைசியில் துறவு. படிக்கட்டு மாதிரி ஒன்றை விட்டுத்தான் அடுத்ததில் ஏற வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் அக்காவைப் பார்த்த பிறகுதான் அதில் ஒரு சந்தேகம் வந்தது. ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு படியில் நின்றால் என்ன செய்வது?

நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். இரண்டாம் ஆண்டில் விடுதியில் இடம் கிடைக்காததால் செத்தாபாக்கில் அக்கா வீட்டில் தங்கிப் படிக்கிறேன். அக்கா வேதியியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறார். ஆய்வு தொடங்கிய இரண்டாம் வருடம் கல்யாணம் ஆனது. மச்சானுக்கு ஷா ஆலாமில் தொழிற்சாலை வேலை. கோலாலம்பூரின் இந்தக் கோடியில் வீடு, அந்தக் கோடிக்கும் அப்பால் வேலை. சாலை நெரிசலில் அவர் வீடு வந்து சேர இரவு எட்டு ஆகிவிடும். அக்கா காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு எல்.ஆர்.டி. பிடித்து ஆய்வகம் போவார். திரும்பி வந்ததும் மறுபடி அடுப்படி. எல்லோரும் படுத்த பிறகு மடிக்கணினியைத் திறந்து ஆய்வேட்டை எழுதுவார்.

நான் என்ன செய்தேன்? சாப்பிட்டேன், படித்தேன், தூங்கினேன். தட்டைக்கூட கழுவி வைத்தது கிடையாது.

ஒரு வார்த்தை செய்த வேலை

ஒரு வியாழக்கிழமை இரவு எட்டரை மணி. பசி. அக்காவுக்குப் போன் அடித்தேன்.

“அக்கா, சாப்பாட்டுக்கு என்ன?”

“காலம் ஓடிக்கிட்டு இருக்குடா. பாதியில விட்டுட்டு வர முடியாது. நீங்க ரெண்டு பேரும் தாப்பாவ் பண்ணிக்கோங்க.”

‘காலம்’ என்றால் நேரம் இல்லை. வேதியியல் ஆய்வகத்தில் கலவைகளைப் பிரிக்கும் கண்ணாடிக் குழாய். உள்ளே சிலிக்கா தூளை நிரப்பி, மேலே கலவையை ஊற்றி, கரைப்பானை மெதுவாக இறக்கினால், கலவையில் உள்ள பொருள்கள் தனித்தனிப் பட்டையாகப் பிரிந்து கீழே வரும். பாதியில் நிறுத்தினால் பட்டைகள் பரவி ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். குழாய் காய்ந்துபோனால் உள்ளே பிளவு விழும். பல வாரம் பாடுபட்டுத் தயாரித்த பொருள் அதோடு போச்சு. அறிவியல் ஆய்வுக்கு மணி ஐந்தானால் கடையைச் சாத்தும் பழக்கம் இல்லை.

இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் அன்றிரவு அம்மா தைப்பிங்கிலிருந்து அழைத்து, “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்டபோது, வாயில் வந்ததைச் சொன்னேன்.

“அக்கா எங்கம்மா சமைக்கிறாங்க? இன்னிக்கும் கடைச் சாப்பாடுதான்.”

விளையாட்டாகச் சொன்னது. அம்மா அதை மச்சானுடைய அம்மாவிடம் வருத்தப்பட்டுச் சொல்ல, அவர் மகனிடம் கேட்க, நான்கே நாளில் அது பெரிய பேச்சாகிவிட்டது. “குடும்பம் நடத்துற வயசுல இன்னும் என்ன படிப்பு?” என்று இரண்டு பக்கப் பெரியவர்களும் ஒரே குரலில் கேட்டார்கள். அக்கா யாரிடமும் சண்டை போடவில்லை. அடுத்த வாரம் சாப்பாட்டு மேசையில், என் புத்தகங்களுக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. ஆய்விலிருந்து விலகுவதற்கான படிவம். பெயர், மாணவர் எண் எல்லாம் எழுதியிருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

இந்தப் பாடத்தை நான் தேடிப் படித்தது அதற்குப் பிறகுதான்.

நூல்கள் என்ன சொல்கின்றன?

பெரியவர்கள் சொன்னதில் ஆதாரம் இல்லாமல் இல்லை. குருகுலப் படிப்பை முடித்து, அதற்கு அடையாளமாக நீராடிய பிறகே ஒருவன் இல்லறத்துக்குப் போக வேண்டும் என்பது பழைய முறை. அப்படி நீராடி வந்தவனுக்கு ஸ்நாதகன் என்று பெயர். பட்டமளிப்பு விழா முடிந்து கல்யாணப் பத்திரிகை அடிப்பது மாதிரி.

ஆனால் அதே நூல்கள் இன்னொன்றும் சொல்கின்றன. தைத்திரீய உபநிடதத்தில் சிக்ஷாவல்லி என்ற பகுதியில், மனிதன் செய்ய வேண்டியவை வரிசையாக வருகின்றன: உண்மை, தவம், புலனடக்கம், விருந்தினர், மனித உறவுக் கடமை, பிள்ளைகள் என்று மொத்தம் 12. ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் கூடவே ‘கற்றலும் கற்பித்தலும்’ என்று திரும்பத் திரும்ப வருகிறது. விருந்தினரைக் கவனி, கற்றலையும் விடாதே. பிள்ளைகளை வளர், கற்றலையும் விடாதே. அதே பகுதியில், படிப்பு முடிந்து வீட்டுக்குப் புறப்படும் மாணவனுக்கு ஆசிரியர் சொல்லும் அறிவுரையும் இருக்கிறது. வம்சத்தை அறுத்துவிடாதே என்கிறார். கற்பதில் அசட்டையாக இராதே என்றும் சொல்கிறார். இரண்டும் ஒரே ஆளுக்குச் சொன்னது!

இல்லறத்தார் தினமும் செய்ய வேண்டிய ஐந்து வேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். தேவர்கள், முன்னோர்கள், மனிதர்கள், பிற உயிர்கள் ஆகிய நால்வருக்கும் செய்வதோடு, பிரம்ம யக்ஞம் என்று ஒன்று உண்டு. ஓதுவதும் ஓதுவிப்பதும்தான் அது. வேதக் கல்வியைக் குறித்துச் சொன்னது என்றாலும், வீட்டில் இருப்பவருக்குக் கல்வியும் ஒரு கடமை என்ற கருத்து அதில் தெளிவாக இருக்கிறது. கல்யாணத்தோடு புத்தகத்தை மூடு என்று சொல்லவில்லை.

அடுத்து, மற்றவர்களைத் தாங்குவது. திருக்குறளில் இல்வாழ்க்கை அதிகாரத்தின் முதல் குறள், இல்வாழ்வானை மற்ற மூவருக்கும் துணை என்கிறது. அந்த மூவர் மற்ற மூன்று ஆசிரமத்தார் என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. அதாவது படிக்கும் மாணவனுக்குச் சோறு போடுவது இல்லறத்தான். சரி, படிப்பவரே இல்லறத்தாராகவும் இருந்தால் அவருக்குச் சோறு போடுவது யார்?

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. எல்லோரையும் அக்கா தாங்கினார். அக்காவைத் தாங்க ஆள் இல்லை.

பாரிஸில் ஒரு வீடு

இதே நிலைமையில் இருந்த ஒருவரை நமக்கு நன்றாகத் தெரியும், ஆனால் இந்தக் கோணத்தில் பார்த்திருக்க மாட்டோம். மேரி கியூரி. போலந்திலிருந்து 1891இல் பாரிஸுக்குப் படிக்க வந்தவர். 1895இல் பியேர் கியூரியைத் திருமணம் செய்தார். 1897இல் மூத்த மகள் பிறந்தாள். அதன் பிறகுதான் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கினார். 1898இல் பொலோனியம், ரேடியம் என்ற இரு தனிமங்களைக் கணவரோடு சேர்ந்து அறிவித்தார். 1903 ஜூனில் முனைவர் பட்டம், அதே ஆண்டு நோபல் பரிசு. எல்லாம் கைக்குழந்தையோடு, பெரிய நகரத்தில், வாடகை வீட்டில்.

எப்படி முடிந்தது? மேதை என்று ஒரே வார்த்தையில் சொல்லி நகர்ந்துவிடுகிறோம். வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். மனைவி எடுத்த ஆய்வு முக்கியமானது என்று தெரிந்ததும், பியேர் தன்னுடைய படிக ஆராய்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டு அவருடைய ஆய்வில் சேர்ந்துகொண்டார். மாமியார் காலமான பிறகு, ஓய்வு பெற்ற மருத்துவரான மாமனார் அவர்களோடு வந்து தங்கினார். பேத்தியை வளர்த்ததில் பெரும்பங்கு அந்தத் தாத்தாவுக்குத்தான். வீட்டு வேலைக்கு ஆளும் வைத்திருந்தார்கள். மேரியும் வீட்டைத் தள்ளிவிடவில்லை. வரவு செலவுக் கணக்கு எழுதினார்; மகளுக்குப் பல் முளைத்ததைக்கூடக் குறித்து வைத்தார்; தான் ஆய்வகத்தில் இருக்கும் நேரத்தில் தானாக வேகக்கூடிய சமையலைத் தேர்ந்தெடுத்து அடுப்புத் தீயை அளந்து வைத்துவிட்டுப் போவாராம்.

நம்ம ராமானுஜனின் கதை வேறு மாதிரி. 1909இல் ஜானகியோடு திருமணம். 1914இல் கேம்பிரிட்ஜ் பயணம். மனைவி சென்னை மாகாணத்திலேயே தங்கிவிட்டார். போர்க்காலத்து இங்கிலாந்தில், சைவ உணவைத் தானே சமைத்து, நேரம் தவறிச் சாப்பிட்டு, இரவெல்லாம் கணக்குப் போட்டார். நோயாளியாக 1919இல் திரும்பி, 1920இல் 32 வயதில் மறைந்தார். நோய்க்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனாலும் அந்த ஐந்து வருடம் பக்கத்தில் இருந்து தாங்க ஒரு வீடு இல்லை என்பது உண்மை. ஜானகி அம்மாள் தையல் வேலை செய்து பிழைத்து, 1994 வரை வாழ்ந்தார். படிப்புக்கும் இல்லறத்துக்கும் நடுவே கடல் வந்தால் இரண்டு பக்கமும் வலி.

காலண்டர் தாளின் பின்பக்கம்

செத்தாபாக்குக்குத் திரும்புவோம். அந்தப் படிவத்தை மச்சானும் பார்த்தார். கோபப்படவில்லை. பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் வீட்டு வேலைகளை ஒவ்வொன்றாக எழுதச் சொன்னார். சந்தைக்குப் போவது, சமைப்பது, பாத்திரம், துணி, மின்கட்டணம், சாமி விளக்கு, ஊருக்குப் போன் பேசுவது என்று மொத்தம் 23 வந்தது. எதை யார் செய்கிறார் என்று பக்கத்தில் பெயர் எழுதினோம். அக்கா 18, மச்சான் 5. என் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. பொறியியல் மாணவன் நான், சுமையைக் கணக்குப் போடத்தான் படிக்கிறேன்!

ஒரு உத்தரத்தை ஒரு முனையில் மட்டும் சுவரில் பதித்து, நீளம் முழுக்கச் சீராகச் சுமை ஏற்றினால், அது உடையக்கூடிய இடத்தில் வரும் வளைவு விசைத்திறன், இரு முனையிலும் தாங்கல் கொடுத்தால் வருவதைவிட 4 மடங்கு. அதே உத்தரம், அதே சுமை. தாங்கும் இடம் மட்டும்தான் மாறியது. முதலாம் ஆண்டிலேயே படித்த கணக்கு, அன்றைக்குத்தான் புரிந்தது.

அக்கா பக்கமும் தவறு இருந்தது, அவரே சொன்னார். கருவி முன்பதிவு அன்றைக்குத்தான் கிடைத்தது என்று மச்சானுடைய தம்பி நிச்சயதார்த்தத்துக்குப் போகாமல் விட்டார். “காரணத்தை நானே அத்தைகிட்ட சொல்லியிருக்கணும். படிப்புதான் பெருசுன்னு திமிரா இருக்கேன்னு அவங்க நினைச்சிட்டாங்க” என்றார். விருந்தும் உறவும் அந்தப் 12இல் இருக்கின்றனவே. கற்றலை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விடுவதும் சமநிலை ஆகாது.

இப்போது சனி, ஞாயிறு சமையல் மச்சானும் நானும். சோறு வைக்கவும் ரசம் வைக்கவும் கற்றுக்கொண்டேன். என் சாம்பாரைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். ‘காலம்’ ஓடும் நாட்களை அக்கா காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டு வைக்கிறார். அன்றைக்கு யாரும் போன் அடித்து “சாப்பாட்டுக்கு என்ன?” என்று கேட்பதில்லை. ஞாயிறு மாலை அக்கா ஆய்வகம் பக்கம் போவதில்லை. மூவரும் கோயிலுக்குப் போவோம், இல்லையென்றால் மச்சான் வீட்டுக்கு. அம்மாவிடம் நான் சொன்னது தப்பு என்று அம்மாவிடமும் அக்காவிடமும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆய்வேடு இன்னும் முடியவில்லை. அத்தை இன்னும் பார்க்கும்போதெல்லாம், “எப்பம்மா முடியும்?” என்று கேட்கிறார். அந்தப் படிவமும் கிழிபடவில்லை, அலமாரியில்தான் இருக்கிறது. ஆனால் கையெழுத்து விழவில்லை.

நாம் செய்யக்கூடியவை

1. வீட்டு வேலைகளை எழுதிப் பாருங்கள். எழுதாதவரை, நாமும் நிறைய செய்வதாகவே தோன்றும்.

2. படிக்கிறவர் தன் வேலையின் தன்மையை வீட்டில் விளக்க வேண்டும். ஏன் பாதியில் விட முடியாது என்று தெரிந்தால் கோபம் குறையும்.

3. வீட்டுக் குறையை மூன்றாம் ஆளிடம் சொல்வதற்கு முன், அதில் நம் பங்கு என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

4. வாரத்தில் ஒரு பொழுதாவது எல்லோரும் சேர்ந்து சாப்பிடுங்கள், சேர்ந்து சாமி கும்பிடுங்கள். பத்து நிமிடம் போதும்.

5. கல்யாணப் பேச்சு நடக்கும்போதே, “மேல படிக்கணும்னா வீட்டை எப்படிப் பார்த்துக்குவோம்?” என்று இரு பக்கமும் வெளிப்படையாகப் பேசுங்கள்.

வகுப்பில் கலந்துரையாட

அ. உங்கள் வீட்டில் படிக்கிறவரைத் தாங்குவது யார்? அவரைத் தாங்குவது யார்?

ஆ. ஐந்து வேள்விகளில் இன்று உங்கள் வீட்டில் எவை நடக்கின்றன, எவை விடுபட்டுவிட்டன?

இ. படிப்பை முடித்த பிறகே திருமணம் என்ற முறையில் உள்ள நன்மை என்ன? இன்றைய நிலையில் அது எல்லோருக்கும் பொருந்துமா?

நான்கு ஆசிரமங்களையும் நாலு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தவன் நான். கிருகஸ்தம் என்பது கல்யாணம் ஆனவர்கள் சமாசாரம் என்று இருந்துவிட்டேன். ஒரு வீட்டில் சாப்பிடுகிறோம் என்றால் அந்த வீட்டைத் தாங்குவதில் நமக்கும் பங்கு உண்டு. இன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவுவதிலிருந்து தொடங்கலாமே.

அடுத்த பாடத்தில் சந்திப்போம். வணக்கம்.