பூசைக்குப் புத்தகமும் போனும்: சனிக்கிழமை இரவிலிருந்தே சில குறிப்புகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டைப் பூட்டும்போது அம்மாச்சி மூன்று கேள்வி கேட்பார். “சாவி எடுத்தாச்சா? காணிக்கைக் காசு? பூசைப் புத்தகம்?” அவர் சிறுமியாக இருந்தபோது பூசை இலத்தீனில்தான். சாமியார் பீடத்தைப் பார்த்து நின்று மெல்லச் சொல்ல, கீழே உட்கார்ந்திருக்கும் சனம் செபமாலை உருட்டிக்கொண்டிருக்கும். மணி அடித்தால் தலை நிமிரும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-இல் திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டுத் தாய்மொழிக்குக் கதவு திறந்த பிறகுதான் பூசையின் ஒவ்வொரு சொல்லும் தமிழில் அவர் கைக்கு வந்தது. அந்தப் புத்தகத்தை அவர் வைத்துக்கொண்ட மாதிரி நாங்கள் வேறு எதையும் வைத்துக்கொண்டதில்லை. இன்று என் வீட்டில் புத்தகமும் உண்டு, போனும் உண்டு. இரண்டையும் எப்படி எடுத்துப்போனால் மனம் பீடத்தை விட்டு நகராமல் இருக்கும் என்று பல வருடம் பார்த்துப் பழகியதில் கிடைத்தவை இவை.

1. வாசகங்களைச் சனிக்கிழமை இரவே வாசித்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை விடாதீர்கள். முதல் வாசகம், பதிலுரைப் பாடல், இரண்டாம் வாசகம், நற்செய்தி என்று ஞாயிறு பூசையில் நான்கு பகுதி. இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைத்த பிறகு ஆளுக்கு ஒன்றாக வாசித்தால் கால் மணி நேரம்கூட ஆகாது. பொதுக்கால ஞாயிறுகளில் முதல் வாசகத்தை நற்செய்தியோடு தொடர்புபடுத்தித்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள். தொடர்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பெரும்பாலும் சின்னவள்தான் முதலில் சொல்வாள். பவுலடியாரின் நீண்ட வாக்கியங்கள் ஒரு தடவை கேட்டால் பிடிபடாது. இரவே கண் ஓட்டியிருந்தால், காலையில் மைக் கரகரத்தாலும் காது பொருளைப் பிடித்துக்கொள்ளும். கோயிலில் புத்தகம் திறக்கும் தேவையே பாதி குறைந்துவிடும்.

2. ஞாயிறு வாசகங்களின் மூன்று ஆண்டுச் சுழற்சியில் இது எந்த ஆண்டு என்று குழப்பமா? ஆண்டை மூன்றால் வகுங்கள். மீதி வராவிட்டால் மூன்றாம் ஆண்டு, லூக்கா நற்செய்தி. மீதி 1 என்றால் முதல் ஆண்டு, மத்தேயு. மீதி 2 என்றால் இரண்டாம் ஆண்டு, மாற்கு. திருவழிபாட்டு ஆண்டு சனவரியில் பிறப்பதில்லை, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று பிறக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 2025 நவம்பர் 30 அன்று தொடங்கியதை 2026 என்றே கணக்கில் எடுக்க வேண்டும். மீதி 1, ஆகவே மத்தேயு. வார நாள்களுக்கு இன்னும் எளிது: ஒற்றைப்படை ஆண்டு முதலாம் ஆண்டு, இரட்டைப்படை இரண்டாம் ஆண்டு. பொதுக்காலத்தில் முதல் வாசகமும் பதிலுரைப் பாடலும்தான் இப்படி மாறும். நற்செய்தி இரண்டு ஆண்டுக்கும் ஒன்றே.

3. பழைய வேதாகமத்தில் தேடும்போது திருப்பாடல் எண் ஒன்று குறைவாக இருக்கலாம். ஆயரைப் பற்றிய பாடல் இப்போது 23. இலத்தீன் வழி வந்த பழைய புத்தகங்களில் அது 22. மனந்திரும்புதலுக்கு நாம் சொல்லும் 51, அங்கே 50. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. இன்னொன்று: பூசை வாசகத்தில் இடையிடையே சில வசனங்களை விட்டுவிடுவார்கள். “1-3, 7-10” என்று இருந்தால் விவிலியத்தில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு வையுங்கள். இல்லையென்றால் வாசகர் எங்கே தாவினார் என்று தேடுவதிலேயே வாசகம் முடிந்துவிடும்.

4. நாடா மூன்று போதும். திருப்பலி முறை தொடங்கும் பக்கத்துக்கு ஒன்று, அன்றைய வாசகத்துக்கு ஒன்று, நற்கருணை மன்றாட்டுக்கு ஒன்று. தையல் பெட்டியில் மிஞ்சிக் கிடக்கும் சாட்டின் ரிப்பனை வெட்டி, நுனி பிரியாமல் மெழுகுவர்த்திச் சுடரில் லேசாகக் காட்டி எடுத்து, புத்தக முதுகில் ஒட்டிக்கொள்ளலாம். படமும் காணிக்கை உறையும் திணித்து வைத்த புத்தகம் தேவையான நேரத்தில் தேவையான பக்கத்தில் திறக்கவே திறக்காது.

5. உங்கள் புத்தகம் 2013-க்கு முன் அச்சானதா? அப்படியானால் ஒரு சிறு திருத்தம் தேவை. முதல் நற்கருணை மன்றாட்டில் புனித சூசையப்பர் பெயரைத் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் 1962-இலேயே சேர்த்துவிட்டார். இரண்டு, மூன்று, நான்காம் மன்றாட்டுகளில் அந்தப் பெயர் சேர்ந்தது 2013 மே 1 நாளிட்ட ஆணையால். மரியன்னையின் பெயருக்கு அடுத்து, அவருடைய துணைவர் என்று சூசையப்பரைச் சாமியார் சொல்லும்போது, பழைய புத்தகத்தைப் பின்பற்றுகிறவர்கள் வரி தவறிவிட்டதோ என்று தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். மூன்று இடத்திலும் ஓரத்தில் எழுதி வைத்துவிடுங்கள். எங்கள் புத்தகத்தில் அதை எழுதியது அம்மா. நடுங்கும் கையெழுத்துதான், ஆனாலும் அச்செழுத்தைவிட எனக்கு அது பிடிக்கும்.

6. எந்த நற்கருணை மன்றாட்டு வரும் என்று முன்கூட்டியே ஓரளவு ஊகிக்கலாம். இரண்டாவது சுருக்கமானது, வார நாள்களுக்கு ஏற்றது. மூன்றாவதை ஞாயிறுகளிலும் விழா நாள்களிலும் பயன்படுத்துவது நல்லது என்கிறது திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை. புனிதர்களின் பெயர்கள் வரிசையாக வந்தால் அது முதலாவது. ஊகம் தவறினால் பக்கம் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டாம், மூடிவைத்துவிட்டுச் செவிகொடுங்கள்.

7. வாசகம் நடக்கும்போது கண்ணைவிடக் காது முக்கியம். கோயிலில் மறைநூல் வாசிக்கப்படும்போது இறைவனே தம் மக்களோடு பேசுகிறார் என்பது திருச்சபையின் போதனை. பேசுகிறவர் முகத்தைப் பார்க்காமல் அவர் சொல்வதன் அச்சுப் பிரதியைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும்? ஆகவே முடிந்தவரை புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு வாசகரைப் பாருங்கள்.

ஆனால் எல்லாருக்கும் இது பொருந்தாது. அப்பாவுக்கு எழுபதைத் தாண்டியதும் காது மந்தமாயிற்று. எழுத்தின் மேல் விரலை ஓட்டி ஓட்டித்தான் அவரால் பூசையோடு போக முடியும். ஒரு ஞாயிறு பக்கத்தில் இருந்தவர் குனிந்து, “வாசகம் நடக்குது பெரியவரே, புத்தகத்த மூடுங்க” என்று சொல்லிவிட்டார். அப்பா மறுபேச்சுப் பேசாமல் மூடினார். பிறகு பூசை முடியும்வரை சும்மா உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு சொல்லும் கேட்டிருக்காது. அந்த முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. புத்தகமோ போனோ வைத்திருப்பவரைப் பார்த்தால், அவருக்கு அது ஏன் தேவை என்று நமக்குத் தெரியாது. கண் சரியில்லாத ஒருவர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கவே போனை எடுத்திருப்பார். வீட்டில் காது கேளாதவர் இருந்தால் ஒலிபெருக்கி அருகே முன்வரிசையில் உட்கார வையுங்கள். பக்கம் மாறும்போது நீங்களே விரல் வைத்துக் காட்டுங்கள்.

8. போன் கொண்டுபோவதாக இருந்தால் வீட்டிலேயே தயார் செய்யுங்கள். அன்றைய பக்கத்தை இணையம் இல்லாமலே திறக்கும்படி சேமித்துக்கொண்டு, விமானப் பயன்முறையில் போடுங்கள். வெளிச்சத்தைக் குறைத்து, எழுத்தைப் பெரிதாக்கி, திரை தானாக அணையும் நேரத்தைக் கூட்டிவையுங்கள். அறிவிப்புகள் எதுவும் மேலே எட்டிப்பார்க்கக் கூடாது.

அலாரத்தைத் தனியாக அணையுங்கள். பெரும்பாலான போன்களில் சைலன்டில் போட்டாலும், விமானப் பயன்முறையில் போட்டாலும் அலாரம் அடிக்கும். பிள்ளைகளை எழுப்ப நான் வைத்திருந்த ஆறரை மணி அலாரம், சாமியார் அப்பத்தை உயர்த்திய நேரத்தில் கைப்பைக்குள்ளிருந்து அடித்தது. பையின் ஜிப் சிக்கிக்கொண்டது. மணிச் சத்தம் கேட்க வேண்டிய இடத்தில் கோயில் முழுக்க அந்த இசைதான் கேட்டது. அன்றைக்குப் பட்ட வேதனையால்தான் இந்தக் குறிப்பை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

9. வாசகங்களைப் போனில் ஒரு செயலியில் பார்ப்பதாக இருந்தால், அதில் நாடு இந்தியா என்று இருக்கிறதா பாருங்கள். சூலை 3 புனித தோமாவும் டிசம்பர் 3 புனித சவேரியாரும் நமக்குப் பெருவிழா. வேறு நாட்டு நாள்காட்டியில் அப்படி இருக்காது. ஆண்டவரின் விண்ணேற்றத்தைச் சில நாடுகள் வியாழனில் கொண்டாடுகின்றன, நாம் ஞாயிற்றில் கொண்டாடுகிறோம். அமைப்பு மாறியிருந்தால் கையில் ஒரு வாசகமும் காதில் இன்னொன்றும் ஓடும்.

10. படம் எடுக்கப் போனைத் தூக்காதீர்கள். 2017 நவம்பர் 8 மறைக்கல்வி உரையில் திருத்தந்தை பிரான்சிஸ் இதை வருத்தத்தோடு சொன்னார்: குரு இதயங்களை எழுப்பச் சொல்கிறார், போன்களை அல்ல.

11. நம்பிக்கை அறிக்கைப் பக்கத்தில், இறைமகன் மனிதரானதைச் சொல்லும் வரிக்குப் பக்கத்தில் ஒரு சிறு அம்புக்குறி போடுங்கள். அங்கே எல்லாரும் தலை தாழ்த்தி வணங்க வேண்டும்; கிறிஸ்து பிறப்பு விழாவிலும் மார்ச் 25 மங்கள வார்த்தை விழாவிலும் முழந்தாளிட வேண்டும். நற்செய்திக்கு எழுந்து நிற்கும்போது புத்தகம் இடக்கையில் இருக்கட்டும். நெற்றியிலும் உதட்டிலும் மார்பிலும் சிலுவை வரைய வலக்கை வேண்டும்.

12. வேலைக்காக பெங்களூருக்கோ மும்பைக்கோ வளைகுடாவுக்கோ போகிற பிள்ளையின் பெட்டியில் தமிழ்ப் பூசைப் புத்தகம் ஒன்றை வைத்து அனுப்புங்கள். மொழி எதுவானாலும் இலத்தீன் வழிபாட்டுமுறைப் பூசையின் வரிசை ஒன்றுதான். எங்கே நிற்கிறார்கள், எங்கே முழந்தாளிடுகிறார்கள் என்று பார்த்தாலே பக்கம் தெரிந்துவிடும்.

13. பாஸ்கா திருவிழிப்பில் புத்தகத்தில் மெழுகு சொட்டிவிட்டால் ஈரமாக இருக்கும்போது துடைக்காதீர்கள், பரவிவிடும். இறுகியதும் நகத்தாலோ பழைய அட்டையாலோ மெல்லச் சுரண்டுங்கள். மிஞ்சிய கறைக்குப் பக்கத்தின் கீழும் மேலும் டிஷ்யூ தாள் வைத்து, குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒரு நொடி வைத்து எடுங்கள். மெழுகைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும். தாளை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். அடுத்த ஆண்டு மெழுகுவர்த்திக்குக் கீழே வட்ட அட்டை ஒன்றைச் செருகிக்கொள்ளுங்கள்.

14. கிழிந்துபோன செபப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட வேண்டாம். மந்திரித்த பொருள்களைப் போலவே அவற்றையும் எரித்துச் சாம்பலைச் செடியடியில் புதைப்பதுதான் நம் வழக்கம். ஆனால் எரிக்கும் முன் முதல் பக்கத்தில் அது அச்சான ஆண்டைப் பாருங்கள். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலே நம்முடைய வேத போதகப் புத்தகம்தான்: சேசு சபைக் குரு அன்றீக்கே அன்றீக்கஸ் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கம், பதினாறே பக்கம். அப்படிப்பட்ட ஒன்று உங்கள் பரணில் இருக்காது. ஆனால் நூறு வருடம் பழைய செபப் புத்தகம் இருக்கலாம். அப்படி இருந்தால் பங்குத்தந்தையிடம் காட்டுங்கள். நல்ல நிலையில் இருப்பதைப் பருத்தித் துணியில் சுற்றி, உலர்ந்த வேப்பிலையோடு டிரங்குப் பெட்டியில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நிழலில் காற்றாட விரித்துவிட்டு, வேப்பிலையை மாற்றிவிடுங்கள்.