குழாய்க் கேமராவும் குழாய் வேலையும்: பையன்களுக்கும் பெற்றோருக்கும்

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு நாகர்கோவில் வட்டாரத்தில் ஒரு புதுப் பேச்சு காதில் விழுகிறது. "பயலுக்கு ஒரு கேமரா வாங்கிக் குடுத்திரலாம்னு பாக்கேன் அண்ணாச்சி" என்று தகப்பன்மார் வருகிறார்கள். கல்யாண வீட்டுக் கேமராவைச் சொல்லவில்லை, கழிவுக் குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் கேமராவைச் சொல்கிறார்கள். பையன் போனைத் திறந்து ஒரு காணொளி காட்டுவான். குழாய்க்குள் வெளிச்சம் நகர்கிறது, அடைப்பு தெரிகிறது, ஐந்து நிமிடத்தில் வேலை முடிகிறது. அதைப் பார்த்த வேகத்தில் தாயின் வளையல் அடகுக்கடைக்குப் புறப்பட்டுவிடுகிறது. "மக்கா, சமையல்கட்டுத் தண்ணியும் கக்கூஸ் தண்ணியும் ஒரே குழாயில போலாமா?" என்று கேட்டால் பையன் தகப்பன் முகத்தைப் பார்க்கிறான்.

இந்தத் தொழிலுக்குள் வர என்னென்ன வழி இருக்கிறது என்பது ஊரறிந்த விஷயம். நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, பாலிடெக்னிக்கும் இருக்கிறது. ஐ.டி.ஐ.களில் பிளம்பர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. எந்த நிலையத்தில் இந்த ஆண்டு அந்தப் பிரிவு நடக்கிறது என்பதைச் சேர்க்கை நேரத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். பாலிடெக்னிக்கில் சிவில் படித்தால் வரைபடம் படிக்கவும் மதிப்பீடு போடவும் வரும், ஆனால் கையில் வேலை படியாது. வளைகுடாவுக்குப் போகிற எண்ணம் இருந்தால் சான்றிதழ் அவசியம். இவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல மேஸ்திரி ஒருவரிடம் இரண்டு வருஷம் கையாளாக நிற்பது இவை எல்லாவற்றையும்விட மேல் என்பது என் எண்ணம். சான்றிதழை அதற்குப் பிறகும் வாங்கலாம்.

இப்போது கேமராவுக்கு வருகிறேன். கடைகளில் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று, போனில் செருகிப் பார்க்கும் சின்னக் கேமரா. சில நூறு ரூபாயிலிருந்து இரண்டாயிரத்துக்குள் கிடைக்கும். தலை ஏழு, எட்டு மில்லிமீட்டர் பருமன் இருக்கும், சுற்றிலும் குட்டி விளக்குகள், பின்னால் ஐந்து அல்லது பத்து மீட்டர் ஒயர். வாஷ்பேசினுக்குக் கீழே மோதிரம் விழுந்துவிட்டதா என்று பார்க்க நல்லது. நாலு அங்குலக் குழாயில் இதை நம்பக் கூடாது. ஒயர் துவளும், இரண்டாவது எல்போவில் சுருண்டு நின்றுவிடும். தலைக்கு முன்னால் சில சென்டிமீட்டர்தான் துலக்கமாகத் தெரியும், அதற்கப்பால் இருட்டு. எத்தனை மீட்டர் உள்ளே போயிருக்கிறது என்ற கணக்கும் அதில் கிடையாது.

மற்றது தொழில்காரர்களின் கேமரா. கண்ணாடி இழையில் செய்த விறைப்பான கம்பி இருபது முதல் நாற்பது மீட்டர் வரை ஒரு சக்கரத்தில் சுற்றியிருக்கும். தலைக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங், வளைவில் திரும்புவதற்கு. எவ்வளவு தூரம் போனது என்று காட்டும் எண்ணி உண்டு. சிலவற்றின் தலையில் 512 ஹெர்ட்ஸ் அலை அனுப்பும் கருவி இருக்கும். மேலே தரையில் ஒரு வாங்கியைப் பிடித்துக்கொண்டு நடந்தால், தலை எந்த இடத்துக்கு நேர் கீழே நிற்கிறது என்று தெரிந்துவிடும். வீடு முழுக்க டைல்ஸ் உடைக்காமல் ஒரே ஒரு சதுரத்தை மட்டும் உடைத்தால் போதும். அருமையான கருவி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. விலை பல பத்தாயிரங்களில் தொடங்கிப் பெயர்பெற்ற நிறுவனங்களுடையது என்றால் லட்சங்களில் போகும். வளையல் இதற்காகத்தான் அடகுக்குப் போகிறது.

தொழில் தெரியாமல் கடன் வாங்கி இதை வாங்குவதும், பலகை எழுதி மாட்டி 'கேமரா இன்ஸ்பெக்‌ஷன்' என்று உட்காருவதும்தான் இன்று எல்லாரும் புகழும் பாதை. வேண்டாம் என்று சொல்வதற்கே இதை எழுதுகிறேன்.

கேமரா படத்தைக் காட்டும், படத்தைப் படிப்பது ஆள். பிரிட்டனின் நீர் ஆராய்ச்சி மையம் 1980-லேயே கழிவுக் குழாய்ப் படங்களைப் படிப்பதற்கென்று ஒரு கையேடு போட்டது. விரிசல், இணைப்பு விலகல், வேர், உருக்குலைவு ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. படம் எடுப்பது சுலபம், பொருள் சொல்வது கஷ்டம் என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

நம் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் வயலை மண் போட்டு நிரவி ப்ளாட் ஆக்கிய இடங்களில் இரண்டு மழைக்காலம் கழிந்தால் நிரப்பிய மண் அமரும், குழாயும் கூடவே நடுவில் தொய்ந்துவிடும். கேமரா அந்த இடத்தில் தண்ணீருக்குள் முழுகி, கொஞ்ச தூரம் போய் வெளியே வரும். அனுபவமில்லாத பையன் "அடைப்பு இருக்கு" என்று சொல்லி அடைப்பெடுக்கும் ஸ்பிரிங் போட்டுக் குடைவான். தெரிந்தவன் முழுகிய மீட்டரையும் எழுந்த மீட்டரையும் குறித்துக்கொண்டு, "இந்த இரண்டு மீட்டர் குழாய் அமர்ந்திருக்கிறது, தோண்டிச் சரிவு சரிபண்ணாமல் தீராது" என்பான். நாலு அங்குலக் குழாய்க்கு நாற்பது அடிக்கு ஓரடி சரிவு என்ற பாடம் அவன் கையில் ஏற்கெனவே ஏறியிருக்கும்.

மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் மேடும் பள்ளமுமான மண். அங்கே தென்னை வேர். தென்னை வேர் ஆல வேர்போல் பருத்து வளராது, சிமென்ட் பூசிய பழைய இணைப்பில் இடுக்கு கண்டு கொத்தாக நுழைந்து திரையில் விளக்குமாற்று ஈர்க்குகள்போலத் தெரியும். இடுக்கை அடைக்காமல் வேரை மட்டும் வெட்டினால் அடுத்த ஆடிச் சாரலுக்கு முன்பே அது திரும்ப வந்து நிற்கும். இதை எந்தக் கேமராவும் சொல்லித் தராது.

கேமரா எட்டாத இடங்களும் நிறைய. வீட்டுக்காரர் அதிகம் கூப்பிடுவது சுவர் ஈரத்துக்கு. சுவருக்குள் போகும் அரை அங்குல, முக்கால் அங்குலத் தண்ணீர்க் குழாய்க்குள் கழிவுக் கேமரா நுழையாது, நுழைந்தாலும் ஊசிமுனைக் கசிவு தெரியாது. அங்கே தேவை அழுத்தச் சோதனை. கைப்பம்பில் அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று காத்திருக்க வேண்டும். கழிவுக் குழாய் கசிகிறதா என்று பார்க்கக் கீழ்முனையை அடைத்து நீர் நிரப்பி மட்டத்தைக் குறித்துவைப்பது பழைய முறை. கக்கூஸ் நீரில் சாயம் கலந்து எங்கே எட்டிப்பார்க்கிறது என்று தேடுவது இன்னொன்று. செலவு நூறு ரூபாய்க்குள் அடங்கும். கேமரா வைத்திருப்பவன் இவற்றைச் செய்ய மாட்டான், அவனுக்குக் கேமராவின் தவணை கட்ட வேண்டும்.

தவிர, அழுக்கு நீர் நிறைந்த குழாயில் கேமராவை விட்டால் திரையில் பழுப்பு நிறம் மட்டும்தான். முதலில் அடைப்பை எடுத்து, நல்ல தண்ணீர் விட்டு அலசி, பிறகுதான் கேமரா. முன்னே தள்ளும்போது பார்ப்பதைவிட மெல்லப் பின்னால் இழுக்கும்போது பார்ப்பதே நிதானமான பார்வை. கக்கூஸ் கோப்பையின் வளைவு வழியாக உள்ளே தள்ளினால் தலை சிக்கிக்கொள்ளும், சேம்பரைத் திறந்து அங்கிருந்து விட வேண்டும். நம் வீடுகளில் சேம்பர் மேல் டைல்ஸ் போட்டு மறைத்திருப்பார்கள். அது எங்கே இருக்கும் என்று சுவரையும் தரையையும் பார்த்து ஊகிப்பது மேஸ்திரி வேலை.

பெற்றோருக்கு இந்தக் கேமரா ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று எனக்குத் தெரியும். சாக்கடை வேலை என்றால் கூச்சம். கையில் திரை இருந்தால் அது கம்ப்யூட்டர் வேலைபோலத் தெரிகிறது, சம்பந்தி வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். அந்தக் கூச்சத்தைப் பெரியவர்கள் முதலில் விட வேண்டும். வீட்டுக்கு வீடு நல்ல நீர் வருவதும் கெட்ட நீர் போவதும் இந்தக் கைகளால்தான். கூச்சத்தை மறைக்க வாங்கிய கருவி, முதல் சேம்பர் மூடியைத் தூக்கும்போதே பையனைக் கைவிட்டுவிடும்.

கேமராவுக்கு உரிய மரியாதை வேறிடத்தில் இருக்கிறது. செப்டிக் டேங்குக்குள்ளும் சாக்கடைக்குள்ளும் மனிதரை இறக்கி ஆபத்தான முறையில் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. உயிர் போன பிறகு வரும் பணம் அது. பக்கத்தில் திருவனந்தபுரத்தில் ஜென்ரோபாட்டிக்ஸ் இளைஞர்கள் செய்த பாண்டிகூட் என்ற இயந்திரம் 2018-இல் ஆள்துளைக்குள் இறங்கிற்று. கேமராவும் கைகளும் அதற்கு உண்டு, மனிதர் மேலேயே நிற்கலாம். வீட்டுச் சேம்பரிலும் அதே நியாயம். "உள்ளே எட்டிப் பார்" என்று எந்த முதலாளி சொன்னாலும், தம்பி, தலையை நுழைக்காதே. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் வாசனையைக் காட்டிவிட்டு, செறிவு கூடினால் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். அங்கே கேமரா போகட்டும்.

யாருக்கு இந்த வேலை ஒத்துவரும்? அருவருப்பு கொஞ்சம் குறைந்தவனுக்கு. தண்ணீர் எங்கே நின்று எங்கே ஓடும் என்று சும்மா பார்த்துக்கொண்டிருக்கப் பிடித்தவனுக்கு. ஒரு குழாய் நிரம்பும்வரை அரைமணி நேரம் போன் எடுக்காமல் நிற்கக் கூடியவனுக்கு. படிப்பில் பின்தங்கியவன் என்பதற்காக ஒருவனை இதில் தள்ளிவிடுவது தவறு, கணக்கு வராதவனுக்குச் சரிவும் வராது. படிப்பில் கெட்டிக்காரன் என்பதற்காகப் பிடித்தவனைத் தடுப்பதும் தவறு. பொறுமையை எந்தக் கடையிலும் தவணைக்குத் தர மாட்டார்கள். இரண்டு பெருமழைக் காலம், தென்மேற்கும் வடகிழக்கும், கையாளாக நின்று பார்த்தவனுக்கே தான் இந்த வேலைக்கு ஆகுமா என்பது தெரியும்.

ஆகும் என்று தெரிந்தால் முதலில் வாங்க வேண்டியது ரசமட்டம், நீர்மட்டம் பார்க்கும் ட்யூப், டேப், குழாய் அடைக்கும் சோதனை மூடி, அழுத்தக் கைப்பம்பு. அப்புறம் போனில் செருகும் சின்னக் கேமரா. பெரிய கேமராவை வாடகைக்கு எடுத்தோ, வைத்திருப்பவரோடு கூட்டு வேலை செய்தோ பழக வேண்டும். வேலை தானாகத் தேடி வந்து, வாடகை தவணையைவிட அதிகமாகும் நாளில் சொந்தமாக வாங்கலாம். அப்போதும் கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை உண்டு. கம்பி மடிந்தால் வெட்டி ஒட்ட முடியுமா? தலை உடைந்தால் மாற்றுத் தலை கிடைக்குமா? பழுது பார்க்கும் ஆள் நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ இருக்கிறாரா, இல்லை டெல்லிக்குப் பார்சல் அனுப்ப வேண்டுமா? மூன்றுக்கும் நேரான பதில் வராத கடையில் முன்பணம் கொடுக்காதீர்கள்.