பட்டறைக்கு வயர் இழுக்கும் முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் மரவேலைப் பட்டறை போடுகிறாய், அடுத்த வாரம் வயர்மேன் வருகிறார் என்று அக்கா போனில் சொன்னாள். எத்தனை பிளக் பாயின்ட் வைக்கலாம் என்று நீ கேட்கச் சொன்னாயாம். அதற்கு வருகிறேன். முதலில் என் இடது கை மோதிர விரல்.

சின்னப் பையனாக இருக்கும்போது அதைப் பிடித்துக்கொண்டு, நுனி எங்கே மாமா என்பாய். எலி தின்றுவிட்டது என்பேன். எலி இல்லை. அப்போது எனக்கு 23 வயது, ஒரு மரக்கடையில் வேலை. வோல்டேஜ் குறையும்போதெல்லாம் இழைப்பு மிஷினின் ஸ்டார்ட்டர் விழுந்துவிடும். திரும்பத் திரும்ப அமுக்கிச் சலித்து, பச்சைப் பட்டன் உள்ளேயே இருக்கும்படி ஒரு மரச்சில்லைச் செருகிவிட்டேன். மதியம் கரண்ட் போனது. பிளேடில் சிக்கிய சிராயை எடுக்கக் கை விட்டேன். கரண்ட் வந்துவிட்டது.

ஸ்டார்ட்டருக்குள் நோ-வோல்ட் காயில் என்று ஒன்று உண்டு. கரண்ட் இருக்கிறவரை காண்டாக்டைப் பிடித்திருக்கும், போனால் விட்டுவிடும். மறுபடி யாராவது பட்டனை அமுக்கினால்தான் மோட்டார் ஓடும். சாதா சுவிட்சுக்கு அந்தப் புத்தி கிடையாது. ஆன் என்றால் ஆன்தான், நீ எங்கே கை வைத்திருக்கிறாய் என்று அது பார்க்காது. அதனால் டேபிள் ரம்பத்துக்கும் இழைப்பு மிஷினுக்கும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் கட்டாயம். டிரில், சாண்டர் மாதிரி கையில் பிடிக்கிறவற்றுக்குக் கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்கிவிடப் பழகு.

கரண்ட் போகிற நொடியை நினைத்துத்தான் விளக்கையும் போட வேண்டும். ரம்பம் இறுகி எம்.சி.பி. விழுந்தால் பிளேடு உடனே நிற்காது, இன்னும் சில நொடி சுற்றும். விளக்கும் அதே சர்க்யூட்டில் இருந்தால் அந்தச் சில நொடியும் இருட்டு. விளக்குக்குத் தனி சர்க்யூட், தனி எம்.சி.பி. கேள். மலிவு எல்.இ.டி. வேண்டாம்; பழைய சோக் டியூப் லைட்டும் வேண்டாம். நம் கரண்ட் 50 சைக்கிள் என்பதால் அந்த விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். சுற்றுகிற பிளேடு சில வேகத்தில் நிற்பதுபோலவே தெரியும்.

எல்லா மிஷினின் வாட்டையும் கூட்டிப் பார்த்துப் பயப்படாதே. உனக்கு இருப்பது இரண்டு கை. ஒரு நேரத்தில் ஒரு மிஷின், கூடவே தூசி இழுக்கிற மிஷின், அவ்வளவுதான். ஒரு எச்.பி. 746 வாட் என்பது மோட்டார் வெளியே தருகிற கணக்கு. உள்ளே இழுப்பது அதைவிடக் கூடுதல். 230 வோல்ட்டில் உன் 2 எச்.பி. ரம்பம் 10, 11 ஆம்பியர் எடுக்கும், கிளம்பும்போது கண நேரம் ஐந்தாறு மடங்கு. பி டைப் எம்.சி.பி. அதற்கே விழக்கூடும், சி டைப் 16 ஆம்பியர் போடு. ரம்பத்துக்கு ஒரு சர்க்யூட், தூசி மிஷினுக்கு இன்னொன்று, இரண்டுக்கும் 2.5 ஸ்கொயர் எம்.எம். வயர்.

எம்.சி.பி. வயரைத்தான் காப்பாற்றும், உன்னைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் போட்டுவிட்டு மாதம் ஒருமுறை டி பட்டனை அமுக்கி விழுகிறதா பார். எர்த் குழி வீட்டுக்கு ஏற்கெனவே இருக்கிறதே என்பார்கள். அளந்து காட்டச் சொல். நியூட்ரலையே எர்த்தாக முடிந்துவிடுகிற ஆட்களும் உண்டு, பக்கத்திலேயே நில். லோடு கூடுவதை ஈ.பி.யில் எழுதிக் கொடுத்துவிடு.

இனி உன் பிளக் பாயின்ட். சுவரை எண்ணாதே, நீ நிற்கப்போகும் இடங்களை எண்ணு. தரையில் சாக்பீஸால் மிஷின்களை வரைந்து, ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று கையை நீட்டு. கை எட்டுகிற இடத்தில் சுவரில் புள்ளி வை. ஆனால் நாலரை அடிக்குக் கீழே வேண்டாம். எட்டுக்கு நாலு பிளைவுட்டைச் சுவரோரம் படுக்கையாகச் சாய்த்தாயானால் அதற்குக் கீழே இருக்கிற பாயின்ட் எல்லாம் மறைந்துபோகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேடுவது அப்போதுதான் ஆரம்பம். தேடினாலும் வயரைச் சுருட்டியபடி லோடு கொடுக்காதே, சூடாகி உருகும். சுவரை வெட்டிப் பைப் புதைக்கவும் வேண்டாம். பட்டறையில் மிஷின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடம் மாறும், பைப் வெளியிலேயே ஓடட்டும்.

புள்ளி வைத்த சுவரைப் போட்டோ எடுத்து அனுப்பு. ஸ்டார்ட்டரை இங்கே நான் பார்த்து வாங்கி, சனிக்கிழமை பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். அது வருகிறவரை ரம்பத்துக்கு இணைப்புக் கொடுக்க வேண்டாம் என்று வயர்மேனிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
மாமா